தொற்றோடு வரும் நோயாளியும் தள்ளிப்போட முடியாத நாளும்

மருத்துவரிடம் போவதில் இரண்டு வகை உண்டு. உடம்புக்கு முடியாமல் போவது ஒன்று. உடம்பு ஓரளவு நன்றாக இருக்கும்போதே, குறித்த நாள் வந்துவிட்டது என்பதற்காகப் போவது மற்றொன்று. சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாதந்தோறும் மாத்திரை வாங்குவது, ஆரம்பச் சுகாதார நிலையங்களில் செவ்வாய்க்கிழமை நடக்கும் கர்ப்பிணிகள் பரிசோதனை, புதன்கிழமை போடப்படும் குழந்தைகளுக்கான தடுப்பூசி, பல் சுத்தம் செய்துகொள்வது, கண்ணாடிக்குக் கண் பார்த்துக்கொள்வது ஆகியவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. திருவண்ணாமலையைப் போன்ற ஒரு மாவட்டத் தலைநகரில், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானாலும், மாட வீதிகளை ஒட்டிய சந்துகளில் மாலையில் மட்டும் திறக்கும் தனியார் கிளினிக்கானாலும், இந்த இரு வகையினரும் பெரும்பாலும் ஒரே வரிசையில் நின்று ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். குறித்த நாளும் வந்து, அதே நாளில் காய்ச்சலும் இருமலும் வந்துவிட்டவர் என்ன செய்ய வேண்டும் என்பது இவர்கள் எல்லோரையும் பாதிக்கும் கேள்வி; ஆனால் ஓ.பி. சீட்டிலோ, கிளினிக் வாசலில் ஒட்டியிருக்கும் அறிவிப்பிலோ அதற்கு விடை இருப்பது அரிது.

தொற்றுக்காலம் என்பது நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவக்கூடிய நாட்களைக் குறிக்கும். அது நோயின் அறிகுறி தெரியும் நாட்களோடு ஒத்துப்போவதில்லை என்பதுதான் சாதாரண மக்கள் அதிகம் அறியாத செய்தி. சின்னம்மை, கொப்புளம் தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பே பரவத் தொடங்கி, எல்லாக் கொப்புளங்களும் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை பரவுகிறது. தட்டம்மை, தடிப்பு தோன்றுவதற்கு நான்கு நாள் முன்பிருந்து நான்கு நாள் பின்பு வரை தொற்றும். பொன்னுக்கு வீங்கி கன்னம் வீங்கிய பிறகும் ஏறத்தாழ ஐந்து நாள் பரவும். ஃப்ளூ எனப்படும் இன்ஃபுளுவென்சா அறிகுறிக்கு ஒரு நாள் முன்பு தொடங்கி ஐந்து முதல் ஏழு நாள் வரை பரவும். காய்ச்சல் அடிக்கிறதே என்று காலையில் ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொண்டு, வியர்த்து உடம்பு குளிர்ந்ததும் கிளம்பி வருகிறவர் தமக்குக் குணமாகிவிட்டதாகவே நினைக்கிறார்; மாத்திரை சூட்டைத்தான் தணித்திருக்கிறது, மூச்சில் கிருமி வெளியேறுவதை அது தடுக்கவில்லை. மாத்திரையின் துணையில்லாமல் ஒரு முழு நாள் காய்ச்சல் இல்லாமல் இருந்த பிறகே வெளியே போகலாம் என்று மருத்துவர்கள் சொல்வதன் காரணம் இதுவே.

இவற்றுள் தட்டம்மையின் பரவும் வேகம் மற்றவற்றை விட மிகவும் அதிகம். எதிர்ப்புச் சக்தி இல்லாத கூட்டத்தில் ஒரு நோயாளியிடமிருந்து 12 முதல் 18 பேர் வரை தொற்றக்கூடும். நோயாளி எழுந்து போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை அந்த அறையின் காற்றில் கிருமி தங்கியிருக்கும். 1981-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள மஸ்கீகன் என்னும் ஊரில், ஒரு குழந்தை மருத்துவரின் கிளினிக்கில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் இருமிக்கொண்டே ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போனான். அங்கிருந்து ஏழு பேருக்குத் தட்டம்மை பரவியது. அவர்களுள் மூவர் அவனோடு ஒரே அறையில் ஒருபோதும் இல்லாதவர்கள். ஒரு குழந்தை அவன் போய் ஒரு மணி நேரம் கழித்து வந்தது. பக்கத்தில் உட்காராமல் இருந்தால் போதும் என்னும் பொதுவான நம்பிக்கை இங்கே செல்லுபடியாகவில்லை.

காத்திருக்கும் இடத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால் இந்தக் கணக்கின் கனம் புரியும். நம் நாட்டின் அட்டவணைப்படி தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசியின் முதல் தவணை ஒன்பது மாதம் நிறைந்த பிறகே போடப்படுகிறது. ஆகவே முந்தைய ஊசிகளுக்காக மடியில் வரும் ஒன்றரை மாத, இரண்டரை மாதக் குழந்தைகளுக்குத் தட்டம்மைக்கு எதிராகத் தடுப்பூசிப் பாதுகாப்பு கிடையாது. சின்னம்மைக்கும் பொன்னுக்கு வீங்கிக்கும் அரசின் இலவச அட்டவணையில் தடுப்பூசியே சேர்க்கப்படவில்லை. சின்னம்மை கர்ப்பிணிக்கு வந்தால் நுரையீரல் அழற்சியாக முற்றக்கூடும். பேறுகாலத்துக்கு ஐந்து நாள் முன்பிலிருந்து இரண்டு நாள் பின்பு வரையிலான இடைவெளியில் தாய்க்குக் கொப்புளம் கண்டால், பிறந்த குழந்தையின் உயிருக்கே ஆபத்து. டயாலிசிஸ் செய்துகொள்பவர், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர், நெடுநாள் சர்க்கரை உள்ளவர் ஆகியோரையும் சேர்த்தால், ஊரிலேயே எளிதில் தொற்றக்கூடியவர்கள் பெருந்திரளாகக் கூடும் இடம் மருத்துவமனைக் காத்திருப்பு அறைதான் என்று சொன்னால் அது மிகையாகாது.

அந்த அறையின் அமைப்பையும் சற்று அருகிலிருந்து பார்க்க வேண்டும். மாலைக் கிளினிக்கில் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனால், மேசைமேல் கோடு போட்ட நோட்டும், எண் எழுதிய பிளாஸ்டிக் டோக்கன்களும் இருக்கும். தொலைபேசியில் காலையிலேயே பெயர் கொடுத்தவர்களின் வரிசை நோட்டில் இருக்கும். ஆனால் மருத்துவர் வரும் நேரம் உறுதியில்லாததால், இருபதாம் எண்காரரும் முதல் எண்காரரோடு சேர்ந்தே வந்து உட்கார்ந்திருப்பார். கோடையின் புழுக்கத்துக்காக ஏ.சி. போட்டு, குளிர் வெளியேறாமல் கதவையும் சன்னலையும் சாத்தியிருப்பார்கள். சுவரில் மாட்டும் வழக்கமான ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கும் காற்றையே இழுத்துக் குளிரவைத்துத் திரும்ப விடுகிறது. வெளிநோயாளிகள் பகுதியில் ஒருவருக்கு நொடிக்கு 60 லிட்டர் வீதம் புதிய காற்று கிடைக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட இயற்கைக் காற்றோட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. எதிரெதிர் சன்னல்கள் திறந்திருந்து காற்று ஊடுருவும் பழைய வீட்டுக் கூடம் இந்த அளவை எளிதில் எட்டிவிடும்; சாத்திய ஏ.சி. அறை எட்டாது. காற்றின் வழியாகப் பரவும் நோய்களைத் தடுப்பதற்கு இந்திய அரசு 2010-இல் வெளியிட்ட வழிகாட்டுதலோ, இருமலோடு வருபவரை நுழைவிலேயே அடையாளம் கண்டு, தனியே உட்காரவைத்து, வரிசை பாராமல் முன்னதாகப் பார்த்து அனுப்பிவிட வேண்டும் என்கிறது. இருமுகிறவரை முதலில் அனுப்பினால் மற்ற டோக்கன்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பது நடைமுறைச் சங்கடமே தவிர, அந்த விதியின் குறை அன்று.

இனி, நாளைத் தள்ளிப்போடும் விதிகளைப் பார்க்கலாம். அமெரிக்கக் கிளினிக்குகள் பலவற்றில், வரமுடியாவிட்டால் 24 மணி நேரத்துக்கு முன்பே தெரிவிக்க வேண்டும், தவறினால் கட்டணம் என்பது வழக்கம். சுவீடனிலும் நார்வேயிலும் சொல்லாமல் வராதவரிடம் பொது மருத்துவமனைகளே பணம் வசூலிக்கின்றன. பிரிட்டனின் தேசியச் சுகாதாரச் சேவையில் அப்படி வசூலிப்பதில்லை. 2022-இல் அந்நாட்டு அரசியல்வாதி ரிஷி சுனக் தம் கட்சித் தலைமைக்குப் போட்டியிட்டபோது, வராமல் போகும் நோயாளிக்கு 10 பவுண்டு அபராதம் என்று முன்மொழிந்து, பின்னர் அதைக் கைவிட்டார். கட்டணம் விதிப்போரின் வாதம் நியாயமற்றது என்று சொல்லிவிட முடியாது. வீணாகும் அரை மணி நேரம் வேறொரு நோயாளிக்கு உரியது. ஆனால் காய்ச்சல் 24 மணி நேரம் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வருவதில்லை. முந்திய இரவு பத்து மணிக்குத் தொண்டை கரகரத்தவர் மறுநாள் காலைச் சந்திப்பை ரத்து செய்தால் பணம் போகும், இருமிக்கொண்டே போனால் போகாது என்றால், அந்த விதி நோயைக் கிளினிக்குக்குள் அழைத்துவருகிறது. அபராதத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. இஸ்ரேலின் ஹைஃபா நகரக் குழந்தைக் காப்பகங்களில், பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் விதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2000-இல் வெளியானது. தாமதம் குறையவில்லை, கூடியது. அபராதத்தை நீக்கிய பிறகும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பணம் கட்டிவிட்டால் கடமை தீர்ந்தது என்று பெற்றோர் எடுத்துக்கொண்டார்கள்.

திருவண்ணாமலையில் இத்தகைய எழுத்துபூர்வமான ரத்துக் கட்டணம் பெரும்பாலும் இல்லை. அரசு மருத்துவமனையில் பார்ப்பதே இலவசம். அதனால் தள்ளிப்போடுவதற்குச் செலவில்லை என்று முடிவுகட்டினால் அது தவறு. தனியார் கிளினிக்கில், ஒருமுறை கட்டிய கட்டணத்துக்குக் குறிப்பிட்ட நாட்களுக்குள் மறுமுறை வந்து காட்டினால் பணம் வேண்டாம் என்னும் ரிவியூ முறை பரவலாக உள்ளது. நோயாளிக்கு அனுகூலமான ஏற்பாடு என்றே இது தோன்றும். ஆனால் கெடு முடியும் நாளில் வீட்டில் ஒருவருக்குச் சளிக்காய்ச்சல் என்றால், மறுபடி முழுக்கட்டணம் கட்ட விரும்பாதவர் முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவார். பெயரில்லாமல் இயங்கும் ரத்துக் கட்டணம் இது. அரசு மருத்துவமனையிலோ இழப்பு வேறு உருவத்தில் வருகிறது. மாத்திரை ஒரு மாதத்துக்கு எண்ணிக் கொடுக்கப்படுகிறது. குறித்த நாளில் போகாவிட்டால் அடுத்த நாளிலிருந்து சர்க்கரைக்கு மருந்தில்லை. சவ்வாது மலையின் ஜமுனாமரத்தூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து இறங்கி வருகிறவருக்கு ஒரு நாள் கூலியும் பேருந்துக் காசும் கழிந்துவிடுகின்றன. வாசலில் இருமலைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பினால் அந்தச் செலவு இரட்டிப்பாகும். மேலும் இவ்வூருக்கே உரிய ஒரு தடை பௌர்ணமி. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் இலட்சக்கணக்கானோர் நடக்கும் அந்த இரவும் அதை ஒட்டிய நாளும் ஊருக்குள் வாகனங்கள் திருப்பிவிடப்படுகின்றன, வெளியூர்ப் பேருந்துகள் ஊர் எல்லையிலுள்ள தற்காலிக நிலையங்களோடு நின்றுவிடுகின்றன; கார்த்திகை தீபத்தின்போது இந்த நிலை இன்னும் சில நாட்கள் நீள்கிறது. பௌர்ணமிக்கு முன்தினம் வந்த காய்ச்சலுக்காகச் சந்திப்பைத் தள்ளினால், அது ஒரு நாளோடு நிற்காது.

ஆகவே தொற்றோடு வருகிறவரைப் பொறுப்பற்றவர் என்று கடிந்துகொள்வது எளிது, பயனில்லாதது. தள்ளிப்போடுவதால் நோயாளிக்கு என்ன இழப்பு என்பதை யார் தீர்மானிக்கிறார்களோ அவர்களே, காத்திருப்பு அறைக்குள் தொற்று வருமா வராதா என்பதையும் பெருமளவு தீர்மானிக்கிறார்கள்.

இழப்பில்லாத இடத்தில் இவ்வூர் மக்கள் எவ்வளவு கட்டுப்பாடாக நடந்துகொள்வார்கள் என்பதற்கு அம்மை ஒரு சான்று. வீட்டில் யாருக்கேனும் அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகுவதும், அந்த வீட்டார் விசேஷங்களுக்குப் போகாதிருப்பதும், பிறர் அந்த வீட்டுக்குள் வராதிருப்பதும், தண்ணீர் ஊற்றும் வரை நோயாளி தனியே படுத்திருப்பதும் தமிழகக் கிராமங்களில் இன்றும் தொடரும் வழக்கங்கள். கொப்புளம் காய்ந்த பிறகே தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதால், தொற்றுக்காலம் முடிவதும் தனிமை முடிவதும் ஏறத்தாழ ஒன்றுபோலவே அமைகின்றன. அழைப்பு வந்த கல்யாணத்துக்கு அம்மை காரணமாகப் போகாதவரை யாரும் குறை சொல்வதில்லை என்பது இங்கே முக்கியம். ஆனால் இவ்வழக்கத்தின் மறுபக்கத்தையும் மறைக்க வேண்டியதில்லை: அம்மைக்கு மருந்து கூடாது என்னும் எண்ணம் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, வயதுவந்தோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் சின்னம்மை கடுமையாகலாம், அதற்கான வைரஸ் எதிர்ப்பு மருந்து கொப்புளம் கண்ட முதல் நாளிலேயே தொடங்கினால்தான் நன்கு பயன் தரும். இவர்கள் வீட்டிலேயே கிடக்கக் கூடாது. முன்கூட்டித் தொலைபேசியில் சொல்லிவிட்டு, பொது அறையில் உட்காராமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தொற்றுக்கு அஞ்சி ஊரே இடம்பெயர்ந்த காலமும் உண்டு. 1905-இல் திருவண்ணாமலையில் பிளேக் பரவியபோது மக்கள் ஊரை விட்டு வெளியேறினார்கள். அப்போது விரூபாக்ஷ குகையில் தங்கியிருந்த ரமண மகரிஷியும் அங்கிருந்து பச்சையம்மன் கோயிலுக்குப் போய் ஏறத்தாழ ஆறு மாதம் இருந்தார். 2020 மார்ச் தொடங்கி ஏறக்குறைய இரண்டாண்டுக் காலம் கொரோனாவால் பௌர்ணமிக் கிரிவலம் தடைபட்டது என்பதும் பலருக்கு நினைவிருக்கும்.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்றால், நிறையவே சொல்கிறது, மருத்துவமனைக் காத்திருப்பைப் பற்றி மட்டும் அதிகம் பேசுவதில்லை. 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், இப்போது தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம் என்னும் பெயரில் நடைமுறையில் இருப்பது, தொற்றுநோய் உள்ளவர் சந்தை, பள்ளி, சத்திரம் போன்ற பொது இடங்களுக்கு வந்து பிறருக்குத் தொற்று ஏற்படுத்தக் கூடாது என்று விதிக்கிறது. திருவிழாக்களுக்கும் சந்தைகளுக்கும் தனியே ஓர் அத்தியாயமும் அதில் உண்டு. உயிருக்கு ஆபத்தான நோயை அலட்சியத்தால் பரப்பக்கூடிய செயலுக்கு, 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 271-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. மாத்திரை வாங்க வந்த சளிக்காய்ச்சல்காரர்மேல் இவற்றைப் பாய்ச்சுவது யாருக்கும் நினைப்பில்லாத காரியம். பாய்ச்சினால் அடுத்த முறை அவர் காய்ச்சலை மறைத்துக்கொண்டு வருவார் என்பதைத் தவிர வேறு விளைவும் இராது.

தொற்று இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாத சந்திப்புகளும் உள்ளன. வராதே என்னும் அறிவுரை இவர்களைத்தான் முதலில் காயப்படுத்தும். காசநோயாளி மருந்து வாங்கும் நாளை விடக் கூடாது, ஏனெனில் மருந்து உட்கொள்வதே அவருடைய தொற்றும் தன்மையைக் குறைக்கிறது. 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், ஒரு பகுதி நோயாளிகளைச் சானடோரியத்திலும் ஒரு பகுதியினரை அவரவர் வீட்டிலும் வைத்து ஓராண்டு சிகிச்சை அளித்துப் பார்த்தது. 1959-இல் வெளியான அதன் முடிவும் தொடர்ந்த கண்காணிப்பும், வீட்டிலிருந்தே முறையாக மருந்து சாப்பிட்டவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவில்லை என்று காட்டி, உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கை மாற்றின. டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு அது ஒரு முறை தவறினாலே உயிருக்கு ஆபத்து நேரலாம். அவருக்குக் காய்ச்சல் என்றால் முன்கூட்டிச் சொல்லி, தனிப் படுக்கையில் செய்துகொள்ள வேண்டும். குழந்தைக்கு இலேசான சளியோ காய்ச்சலோ இருப்பது தடுப்பூசியைத் தள்ளிவைக்கக் காரணமாகாது. தாய்மார்கள் பலர் இதை நேர்மாறாகப் புரிந்துகொண்டு ஊசியைத் தவறவிடுகிறார்கள். வரக்கூடாதவர் என்று ஒதுக்கப்பட்டவரிடம் சிகிச்சையே போகவும் முடியும்: தொழுநோயாளிகளைப் பொது மருத்துவமனைகள் சேர்க்கத் தயங்கிய காலத்தில், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துப் பொலம்பாக்கத்தில் பெல்ஜிய மருத்துவர் ஃபிரான்ஸ் ஹெமரைக்ஸ் 1955 முதல் சாலையோர மரத்தடிகளில் சிகிச்சை முகாம்களை நடத்தினார். விலக்கப்பட்டவரை மருந்து தேடிச் சென்ற ஏற்பாடு அது. நல்ல காற்றோட்டமும் கூடவே இலவசம்.

எளிதில் தள்ளிவைக்கத்தக்கவையும் உள்ளன. பல் சுத்தம் செய்யும் கருவி வாயின் எச்சிலை நுண்துளிகளாகக் காற்றில் தெறிக்கவைப்பதால், சளிக்காய்ச்சலோடு அந்த நாற்காலியில் உட்காருவது மருத்துவருக்கும் அடுத்து வருபவருக்கும் தீங்கு. மெட்ராஸ் ஐ எனப்படும் கண்நோய் உள்ளவருக்குக் கண்புரை அறுவை செய்ய மாட்டார்கள். மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் அவசரமில்லாத அறுவையைச் சளி பிடித்த குழந்தைக்குச் சில வாரம் தள்ளிவைப்பது குழந்தையின் மூச்சுக்குழலின் பாதுகாப்புக்காகவே.

மாதாந்தர மாத்திரைக்காரர்களின் நிலை மாறக்கூடியது என்பதற்குத் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் ஒரு சான்று. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட இத்திட்டத்தில், மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். இயன்முறைச் சிகிச்சையும் நோய்தணிப்புச் சிகிச்சையும் அதில் அடங்கும். 2024-இல் ஐக்கிய நாடுகள் அவையின் விருது அதற்குக் கிடைத்தது. கொரோனாக் காலத்தில் 2020 ஏப்ரலில் வந்த இ-சஞ்சீவனி என்னும் காணொளி வழி வெளிநோயாளிச் சேவையும், 104 என்னும் மருத்துவ ஆலோசனைத் தொலைபேசியும், வீட்டை விட்டு வராமலே மருத்துவரைக் கேட்டறிய உதவுகின்றன. ஆனால் இவை எல்லாம் அரசு சார்ந்த ஏற்பாடுகள். மாலைக் கிளினிக்கில் வேண்டியவை இன்னும் சிறியவை. காய்ச்சலோ இருமலோ தடிப்போ இருந்தால் வருமுன் தொலைபேசியில் சொல்லவும் என்று ஓர் அறிவிப்பு, பெயர் எழுதும்போதே அதைக் கேட்கும் பழக்கம், அத்தகையோரைத் திறந்த வராந்தாவில் உட்காரவைத்து வரிசை பாராமல் முன்னதாகப் பார்த்து அனுப்புவது, தொற்றால் தள்ளிப்போன ரிவியூவுக்குக் கெடுவை ஒரு வாரம் நீட்டுவது, மாத்திரைச் சீட்டைக் கொண்டு வீட்டார் ஒருவர் வந்து ஒரு வாரத்துக்கு மருந்து வாங்கிப்போக இடம்கொடுப்பது ஆகியவற்றில் பெருஞ்செலவு எதுவும் இல்லை. மருத்துவர் இழக்கக்கூடியது ஒரு சில மறுகட்டணங்களே; அவருடைய காத்திருப்பு அறையில் அடைந்த காற்றை மாலை முழுதும் சுவாசிக்கும் முதல் ஆள், டோக்கன் எழுதும் உதவியாளர்.